அச்சில் ஏறாத படங்கள்

கனடாவின் 150ஆம் ஆண்டையொட்டி 2017இல் வந்த பத்து டாலர் தாளை யாரேனும் செலவழிக்காமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். சாய்த்துப் பிடிக்கும்போது மின்னும் பகுதியில், சிறகுகளைப் பூங்கொத்துபோல் விரித்த ஓர் ஆந்தை தெரியும். வரைந்தவர் கெனோஜுவாக் அஷேவாக். இவருடைய இன்னோர் ஆந்தை, 1960இல் அச்சான 'மாய ஆந்தை', 1970இல் ஆறு சென்ட் தபால்தலையில் வந்தது. அதே ஆந்தையின் ஒரு பிரதி 2018இல் டொராண்டோ ஏலத்தில் 2,16,000 டாலருக்குப் போனது. இனுயிட் கலை என்றால் நம்மில் பெரும்பாலோர் மனதில் வந்து உட்காருவது இந்த ஆந்தைதான். குவளையில் ஆந்தை, நாட்காட்டியில் ஆந்தை, அலுவலகங்களின் வரவேற்பறைச் சுவரில் ஆந்தை.

ஆந்தை நல்ல படம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த ஊரில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக வரையப்பட்ட படங்களில் எவை நம் கண்ணுக்கு வந்தன, எவை வரவில்லை, யார் பிரித்தார்கள் என்ற கேள்வியைக் கேட்காமல் இனுயிட் அச்சுக் கலையைப் பற்றிப் பேசுவது, பதிப்பாளர் தேர்ந்தெடுத்த பத்துக் கவிதைகளை வைத்து ஒரு கவிஞரை எடைபோடுவது போன்றது.

ஊரின் பெயர் கிங்கைட். நூனவுட்டில், பாஃபின் தீவின் தென்மேற்கு முனையில் இருக்கிறது. 2020 வரை அரசு ஆவணங்களில் கேப் டோர்செட். ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊர், சாலை கிடையாது. விமானம் வரும், கோடையில் கப்பல் வரும். பனிநரித் தோலின் விலை இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரிந்தது. வேட்டை முகாம்களில் சிதறி வாழ்ந்த குடும்பங்கள் 1950களிலும் 60களிலும் கடையும் பள்ளியும் மருத்துவ நிலையமும் உள்ள குடியிருப்புகளுக்கு வந்து சேர்ந்தன, சில இடங்களில் வந்து சேர வைக்கப்பட்டன. காசநோய் பரவியிருந்தது. 1950களின் நடுவில் இனுயிட் மக்களில் ஏழில் ஒருவர் தெற்கத்திய மருத்துவமனைகளில் கிடந்தார் என்பார்கள். கெனோஜுவாக்கும் அவர்களில் ஒருவர். 1952 முதல் 1955 வரை கியூபெக் நகர மருத்துவமனையில் இருந்தார். அவர் அங்கே படுத்திருந்தபோது ஊரில் அவருடைய இரண்டு குழந்தைகள் இறந்துபோயின. அரசு இவர்களைப் பெயரால் அல்ல, எண்ணால் அறிந்திருந்தது. ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு வில்லை கொடுக்கப்பட்டிருந்தது.

அச்சுக் கலை வந்து இறங்கியது இந்த நிலையில்தான். அதன் பிறப்புக் கதையைப் பலர் கேட்டிருக்கலாம். ஒசுயிடோக் இப்பீலி என்ற சிற்பி இரண்டு சிகரெட் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். இரண்டிலும் அதே மாலுமியின் தலை, மயிரிழை மாறாமல். உட்கார்ந்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப ஒருவன் வரைவது எவ்வளவு சலிப்பான வேலை என்கிறார். அரசு அதிகாரியும் ஓவியருமான ஜேம்ஸ் ஹூஸ்டன் வால்ரஸ் தந்தத்தில் ஒசுயிடோக் கீறியிருந்த படத்தின் மேல் மை தடவி, மெல்லிய தாளை ஒற்றி எடுத்துக் காட்டுகிறார். நம்மாலும் இது முடியும் என்கிறார் ஒசுயிடோக். ஆண்டு 1957.

அழகான கதை. ஆனால் கதையைச் சொன்னவர் ஹூஸ்டன். அவர் நல்ல கதைசொல்லி, நாவல்களும் எழுதியவர். கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாக இருக்கும் கதைகளை நான் ஒரு சிட்டிகை உப்போடுதான் எடுத்துக்கொள்வேன். கதை பொய் என்று சொல்லவில்லை. அது ஒரு பெரிய விஷயத்தை மறைக்கிறது என்கிறேன். கடல்நாய்த் தோலை வெவ்வேறு நிறங்களில் வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று பதித்து, காலணியிலும் பையிலும் உருவங்களைத் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இருந்தார்கள். உருவத்தின் வெளிக்கோட்டை ஒரே வெட்டில் கண்டுபிடிப்பதும், வெறுமையாக விட்ட இடத்தையும் உருவமாகப் பார்ப்பதும் அவர்கள் கைக்குத் தெரிந்தவை. கெனோஜுவாக்கின் முதல் அச்சுப்படமான 'கடற்பாசி தின்னும் முயல்' 1959 தொகுப்பில் வந்தது. அது அவர் ஒரு தோல்பையில் செய்திருந்த வடிவத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதில் முயல் எங்கே முடிகிறது, பாசி எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. சிகரெட் பெட்டியில் அந்தக் கோடு இல்லை.

ஹூஸ்டன் 1958இன் இறுதியில் ஜப்பானுக்குப் போய் சில மாதங்கள் அச்சுக் கலை கற்றார். ஆசிரியர் உனிச்சி ஹிராட்சுகா. இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹிராட்சுகா 'சோசாகு ஹங்கா' இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். வரைவதும் பலகையைச் செதுக்குவதும் மை போட்டு ஒற்றி எடுப்பதும் ஒரே கலைஞரின் கையாக இருக்க வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் உயிர்க்கொள்கை. அதற்கு முந்தைய 'உகியோ-யே' மரபிலோ வரைபவர் ஒருவர், செதுக்குபவர் வேறொருவர், அச்சிடுபவர் மூன்றாமவர், எல்லோருக்கும் மேலே முதல் போட்ட பதிப்பாளர். ஹூஸ்டன் முதல் பள்ளியில் படித்துவிட்டு வந்து, கிங்கைட்டில் நிறுவியது இரண்டாவது முறையை. ஊரில் யார் வேண்டுமானாலும் வரையலாம். பட்டறையில் சம்பளத்துக்கு இருக்கும் சிலர் செதுக்கி அச்சிடுவார்கள். 1959இல் உருவான கூட்டுறவுச் சங்கம் விற்கும்.

வேலை நடக்கும் விதம் இது. பென்சிலில் வரைந்த படத்தைத் தட்டையாகத் தேய்த்த கல்லின் மேல் படியெடுப்பார்கள். மை ஏற வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைக் கொத்தி ஆழமாக்குவார்கள். உருளையால் மை பூசி, ஜப்பானிய முசுக்கொட்டைத் தாளை மேலே விரித்து, கையாலேயே தேய்த்து எடுப்பார்கள். இயந்திரம் இல்லை. பெரும்பாலும் ஐம்பது பிரதிகள். அதன்பின் அந்தக் கல்லால் மறுபடி அச்சிட முடியாதபடி செய்துவிடுவார்கள். கடல்நாய்த் தோலில் வெட்டிய ஸ்டென்சில்களையும் தொடக்கத்தில் பயன்படுத்தினார்கள். லித்தோகிராஃப் வந்தது 1970களில்.

இதில் செதுக்குபவரின் பங்கு சிறியதல்ல. தொடக்க ஆண்டுகளில் ஊரில் கிடைத்தது கறுப்புப் பென்சிலும் தாளும். கோட்டில் இருந்த படத்தில் எந்த இடம் கறுப்புத் திரளாக நிற்க வேண்டும், இறகின் புள்ளிகளை எப்படிக் கொத்துவது, எந்த நிறம், ஒரு நிறம் இன்னொன்றில் எங்கே கரைய வேண்டும் என்பவற்றில் பெரும்பகுதி பட்டறையில் முடிவானது. 'மாய ஆந்தை'யின் ஐம்பது பிரதிகளில் பாதி சிவப்பும் கறுப்பும், பாதி பச்சையும் கறுப்பும். பென்சில் கோடு பாடல் என்றால் கல் அதன் மெட்டு. இரண்டையும் பிரித்துக் கேட்க முடியாது. லுக்டா கியாட்சுக், இயோலா கிங்வாட்சியாக், எகிவுட்லுக் பூட்டூகூக், கனங்கினாக் பூட்டூகூக் ஆகிய நால்வரும் பட்டறையின் முதல் தலைமுறை. தாளின் ஓரத்தில் வரைந்தவரின் முத்திரையும் செதுக்கியவரின் முத்திரையும் அருகருகே இருக்கும், சங்கத்தின் சிவப்பு இக்ளூ முத்திரையோடு. சங்கம் தன் பட்டியல்களில் இருவர் பெயரையும் போட்டது. பேச்சில்தான் ஒரு பெயர் உதிர்ந்துபோகிறது. ஹொகுசாயின் பேரலையைச் செதுக்கியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, அதுபோல. கனங்கினாக்கின் பெயர் பிழைத்தது, அவர் பின்னாளில் தாமே வரையத் தொடங்கியதால்தான். அவருடைய படங்கள் 2017இல் வெனிஸ் பினாலேக்குப் போயின. இனுயிட் கலைஞர் ஒருவருக்கு அங்கே இடம் கிடைத்தது அதுவே முதல்முறை. அவர் இறந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சரி, பிரித்தவர்கள் யார்?

முதல் சல்லடை பட்டறையில். வந்து குவியும் படங்களிலிருந்து ஆண்டுத் தொகுப்புக்குச் சில பத்துகளைத்தான் எடுக்க முடியும். 1960இல் கிங்கைட்டுக்கு வந்து பல பத்தாண்டுகள் சங்கத்தை நடத்திய டெர்ரி ரயனும் அச்சிடுபவர்களும் அதைச் செய்தார்கள். கல்லில் நன்றாக வரக்கூடியது எது, விற்கக்கூடியது எது என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. இரண்டாவது சல்லடை தெற்கே. 1961இல் அமைந்த ஒரு குழு, பின்னாளில் கனடிய எஸ்கிமோ கலை மன்றம் என்று பெயர் பெற்றது. அருங்காட்சியகத்தாரும் கலை வல்லுநர்களுமாகத் தெற்கத்தியவர்கள் தொடங்கியது அது. ஒவ்வோர் ஆண்டும் வடக்கிலிருந்து வரும் அச்சுப்படங்களைப் பார்த்து, இது போகலாம், இது கூடாது என்று சொல்லும். ஒரு ஊர் ஓராண்டு முழுக்கச் செய்த வேலை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் தலையசைப்பில் நின்றது. கிங்கைட் மட்டுமல்ல, புவிர்னிடுக், உலுக்ஹக்டோக், பேக்கர் லேக், பங்னிர்டுங் என்று பட்டறை வைத்த ஊர்கள் எல்லாமே இந்த மேசைக்குத் தலைவணங்க வேண்டியிருந்தது. தரத்தைக் காத்தார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. மலிவான நினைவுப்பொருளாகச் சரிந்துவிடாமல் தடுத்தார்கள்தான். ஆனால் எது 'இனுயிட்' என்பதற்கும் அவர்கள்தான் அளவுகோல் வைத்திருந்தார்கள். மன்றம் 1989இல் கலைந்தது.

சல்லடை எதைப் பிடித்து வைத்தது என்பது தொகுப்புகளைப் புரட்டினாலே தெரியும். ஆந்தை, கரடி, வால்ரஸ், கடல் தேவதை செட்னா, நாய்வண்டி, உருமாறும் சாமியாடி. அந்தப் படங்கள் வந்த ஆண்டுகளில் ஊரில் ஸ்னோமொபைல் வந்துவிட்டது, மரச்சட்ட வீடு வந்துவிட்டது, பிறகு தொலைக்காட்சியும் வந்தது. படங்களில் அவை அரிதாகவே தலைகாட்டின. டொராண்டோ, நியூயார்க் சுவர்களுக்கு வேண்டியிருந்தது பனியும் புராணமும். இதற்காக வரைந்தவர்களைப் பொய்யர் என்பவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் கேட்டதை வரைந்துகொடுத்த கலை, எனவே அசல் அல்ல என்று ஒரு வாதம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கோயிலோ அரசனோ செல்வந்தரோ கேட்காமல் பிறந்த கலை எங்கே இருக்கிறது? தான் கதை சொல்வதில்லை, பார்க்க அழகான ஒன்றைச் செய்யவே முயல்கிறேன் என்ற பொருளில் கெனோஜுவாக் பலமுறை பேசியிருக்கிறார். வாங்கியவர்கள் அவருடைய ஆந்தைக்குள் புராணத்தைத் தேடினார்கள். அவர் தேடியது வளைவை. ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்குக் கை எப்படிப் போகும் என்பதை. அந்த வகையில் அவர் மத்தீஸுக்குப் பக்கத்து வீடு. அவரை நாட்டுப்புறக் கலை என்ற அலமாரியில் வைத்ததுதான் பிழை.

ஆனால் இந்தக் கதையில் நான் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. சங்கம் அச்சுக்கு எடுத்த படங்களை மட்டும் வாங்கவில்லை. கொண்டுவந்து கொடுத்த படங்களில் ஏறக்குறைய எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கியது. வாங்கியதைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டது. ஆந்தைகளும் கரடிகளும் விற்ற பணத்தில், விற்காத படங்களுக்கும் கூலி போனது. இப்படிச் சேர்ந்த படங்கள் ஏறத்தாழ 90,000. பாதுகாப்புக் கருதி அவை டொராண்டோவுக்கு வடக்கே கிளைன்பர்க்கில் உள்ள மக்மைக்கேல் அருங்காட்சியகத்தில் நீண்டகாலக் கடனாக வைக்கப்பட்டிருக்கின்றன. உரிமை இன்றும் சங்கத்துடையதுதான். இந்தக் குவியலோடு ஒப்பிட்டால் அச்சில் வந்தவை ஒரு கைப்பிடி. தன் சல்லடையில் விழுந்ததையும் சேர்த்துவைத்த வணிக நிறுவனம் வேறு எங்கும் இருந்ததாக நான் அறியவில்லை. கிங்கைட்டின் பெரிய சாதனை என்று கேட்டால் ஆந்தையைச் சொல்ல மாட்டேன், இந்த இழுப்பறைகளைச் சொல்வேன்.

அந்த இழுப்பறைகளின் அர்த்தம் ஒரே குடும்பத்தின் மூன்று பெண்களைத் தொடர்ந்து பார்த்தால் புரியும்.

பிட்சியோலாக் அஷூனா இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிறந்தவர். பெற்றோர் ஹட்சன் நீரிணையைக் கடந்து பாஃபின் தீவுக்கு வரும் வழியில், நடுவிலிருந்த ஒரு தீவில் பிறந்தார். பதினேழு குழந்தைகள் பெற்றார், பலரைப் பறிகொடுத்தார். கணவர் இறந்தபின் பசியைப் பார்த்தார். வரைவதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஐம்பது வயதைத் தாண்டியபின் பென்சிலை எடுத்தார். இதை அவர் ஒளித்ததே இல்லை. காசுக்காக வரைந்தேன், வரைய வரையப் பிடித்துப்போனது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1983இல் இறப்பதற்குள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். 1971இல் அவருடைய வாய்மொழியைத் தொகுத்து 'என் வாழ்விலிருந்து படங்கள்' என்ற நூல் வந்தது. அவர் வரைந்தது பழைய முகாம் வாழ்க்கை: தோற்படகில் நெருக்கியடித்து உட்கார்ந்த குடும்பம், கோடைக் கூடாரம், விளையாட்டு, பறவைகள். கோடு துள்ளும். ஒருவர் தலைமுடியும் மேலங்கியின் வாலும் காற்றில் ஒரே திசையில் பறக்கும். பசியும் சாவும் அவர் பேச்சில் உண்டு, படத்தில் மிகக் குறைவு. துயரத்தை வரைவதில் தனக்கு விருப்பமில்லாததாலா, வாங்குபவர்களுக்கு விருப்பமில்லாததாலா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். இரண்டையும் பிரிக்க முடியாதபடி சந்தை ஒருவரின் மனதுக்குள்ளேயே குடியேறிவிடும்.

அவர் மகள் நாபாச்சி பூட்டூகூக். முதல் தலைமுறை அச்சுக்கலைஞர்களில் ஒருவரான எகிவுட்லுக்கின் மனைவி. வரைபவரும் செதுக்குபவரும் ஒரே வீட்டில். நாபாச்சியும் 1960இலிருந்து தொகுப்புகளில் வந்துகொண்டிருந்தார், ஊர் வழக்கப்படி. 1990களின் பிற்பகுதியில் கை திரும்பியது. கட்டாயத் திருமணம், அடி, பட்டினி, திமிங்கில வேட்டைக் கப்பல்காரர்களிடம் பொருளுக்காகப் பெண்களை அனுப்பியது என்று ஒரு நீண்ட வரிசை. கோட்டோவியங்கள், பலவற்றில் நடந்தது என்ன என்று இனுக்டிடூட் எழுத்தில் படத்திலேயே எழுதியிருக்கிறார். ஒரு படத்தின் தலைப்பே 'பொருட்களுக்காகப் பெண்களைக் கொடுத்தல்'. அவை ஆண்டுத் தொகுப்பின் முகத்துக்குப் பொருந்தாதவை. அவற்றை ஐம்பது பிரதி அச்சிட்டு வரவேற்பறைகளுக்கு விற்க முடியாது. ஆனால் சங்கம் அவற்றையும் வாங்கியது. நாபாச்சி தொடர்ந்து வரைந்தார். அவர் 2002இல் இறந்தபின், 2004இல் வினிபெக் கலைக்கூடம் அவற்றைக் காட்டியபோதுதான் தெற்கு விழித்தது. என் மதிப்பீட்டில் கிங்கைட் தந்த மிகப் பெரிய படைப்பு இந்த வரிசைதான். தாய் சிரித்துக்கொண்டு விட்டுவைத்த இடங்களை மகள் நிரப்புகிறாள். பிட்சியோலாக்கின் முகாம் காட்சிகளை இவற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தக் கூடாரங்களின் உள்பக்கம் தெரிகிறது.

மூன்றாமவர் நாபாச்சியின் மகள் ஆனி. 1969இல் பிறந்தார். இவருக்கு முகாம் வாழ்க்கை தெரியாது. தெரிந்தது வீட்டுக் கூடம். கறுப்புப் பேனாவில் வெளிக்கோடு, உள்ளே வண்ணப் பென்சில், சுற்றிலும் தாளின் வெள்ளை. தரையில் அட்டை விரித்துக் கடல்நாய் இறைச்சியை வெட்டித் தின்னும் குடும்பம், பின்னால் தொலைக்காட்சி. சிம்ப்ஸன்ஸ் பார்ப்பவர்கள். டாக்டர் ஃபில் பார்க்கும் பெண். கூட்டுறவுக் கடையின் உறைபெட்டிகளுக்கு நடுவே சாமான் பொறுக்கும் மக்கள். சுவரில் கடிகாரம், அதை மறக்கவே மாட்டார். ஒரு படத்தில் வெளியே நின்று பாறையில் புட்டிகளை எறிந்து உடைக்கிறாள் ஒருத்தி. 2002இல் வரைந்த ஒன்றில் படுக்கையில் ஒரு பெண், அவள்மேல் கட்டையை ஓங்கி நிற்கும் ஆண். அந்தப் படத்திலும் அறை துப்புரவாக இருக்கிறது. பொருள்கள் ஒழுங்காக, நிறங்கள் சாந்தமாக, இறைச்சி வெட்டும் படத்தில் இருந்த அதே பொறுமையான கோட்டில். ஓவியர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் அந்தப் படம் பார்ப்பவரை விட்டுப் போக மறுக்கிறது.

ஆனியின் சில படங்கள் அச்சானதும் உண்டு. ஆனால் அவர் அறியப்பட்டது அச்சால் அல்ல. பட்டறையின் இடைநிலை இல்லாமல், கல் இல்லாமல், தாளில் வரைந்த படம் நேரடியாகக் கலைக்கூடச் சுவருக்குப் போனது. 2006இல் டொராண்டோவின் பவர் பிளான்ட் கலைக்கூடத்தில் தனிக்காட்சி. அதே ஆண்டு 50,000 டாலர் சோபி விருது. அடுத்த ஆண்டு ஜெர்மனியில் டாக்குமென்டா. கல்லில் கொத்துவதற்கு ஏற்றதா என்ற கேள்வியிலிருந்து பென்சில் விடுபட்டது இந்த இடத்தில். அரை நூற்றாண்டு காலம் அச்சுக்கான மூலப்படி என்று கருதப்பட்டது இப்போது தானே படைப்பு. இனுயிட் கலையின் வரலாற்றில் 1959க்கு அடுத்த பெரிய திருப்பம் இதுவே.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. ஆனியைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த அடிக்கும் படத்தையும் புட்டி உடையும் படத்தையும்தான் எடுத்துப் பேசுகிறார்கள். மொத்தத்தையும் பார்த்தால் வன்முறைப் படங்கள் சிறுபகுதி. அதிகம் இருப்பது சாப்பாடு, தூக்கம், சீட்டாட்டம், கடைக்குப் போவது, யாரோ யாருக்காகவோ காத்திருப்பது. ஆந்தை கேட்ட அதே சந்தை இப்போது காயத்தைக் கேட்கிறது. சல்லடையின் கண்கள் மாறியிருக்கின்றன, சல்லடை அப்படியே இருக்கிறது. போரைத் தவிர வேறு எதையாவது எழுதிக் கொடுத்தால் மொழிபெயர்ப்புக்கு ஆள் கிடைக்காத நம் எழுத்தாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விருதுக்குப்பின் ஆனி ஒட்டாவாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சங்கம் இல்லை. ஊரில் எந்தப் படத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தால் அன்றே காசு கிடைக்கும். ஒட்டாவாவில் தெருவோரம் உட்கார்ந்து வரைந்து, சிகரெட்டுக்கும் செலவுக்கும் சில பத்து டாலருக்கு விற்றார். டாக்குமென்டாவில் தொங்கிய கைதான். 2016 செப்டம்பரில் ரிடோ ஆற்றில் அவர் உடல் கிடைத்தது. வயது 47. சாவில் ஐயம் இருப்பதாகக் காவல்துறை விசாரித்தது. அந்தச் செய்தியின் கீழ் அதே நகரக் காவல்துறை அலுவலர் ஒருவர் இனுயிட் மக்களை இழிவுபடுத்தி இணையத்தில் எழுதினார். பிறகு ஒழுங்கு நடவடிக்கையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நகரம் அவரைக் கைவிட்டது என்று எழுதினார்கள். அது உண்மை. கலை உலகத்தைப் பற்றியும் அதையே சொல்ல வேண்டும். விருது கொடுக்கத் தெரிந்தது. வாரம் தவறாமல் படம் வாங்கிக்கொள்ளும் ஒரு இடத்தை உருவாக்கித் தரத் தெரியவில்லை. கிங்கைட்டில் கூட்டுறவுச் சங்கம் என்ற எளிய ஏற்பாடு எவ்வளவு சுமையைத் தாங்கியது என்பது அது இல்லாத இடத்தில்தான் தெரிகிறது.

ஆனியின் உறவினர், பிட்சியோலாக்கின் இன்னொரு பேத்தி ஷுவினாய் அஷூனா இன்றும் வரைகிறார். ஊரிலேயே இருந்தபடி. உலக உருண்டைகளைத் தலையாகக் கொண்ட மனிதர்கள், கடல் பிராணிகளோடு கைகோத்த பெண்கள் என்று அவருடைய கற்பனை வேறு திசை. 2022 வெனிஸ் பினாலேயில் சிறப்புக் குறிப்பு பெற்றார். 2018இல் ஊரில் திறந்த புதிய பண்பாட்டு மையத்துக்கும் பட்டறைக்கும் கெனோஜுவாக்கின் பெயர். கல் கொத்துவது நிற்கவில்லை. ஆண்டுதோறும் தொகுப்பு வருகிறது, ஆந்தையும் வருகிறது.

டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்குக் கிளைன்பர்க் தொலைவில்லை. அந்த இழுப்பறைகளிலிருந்து பல்லாயிரம் படங்கள் இப்போது எண்ணிம வடிவிலும் வந்துவிட்டன, மற்ற நாடுகளில் இருப்பவர்களும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் ஆனி 2006இல் வரைந்த ஒன்றையும் தேடிப் பாருங்கள். அது அந்தக் காப்பகத்தில் இராது, பிற்காலத்தது. தலைப்பு 'படுக்கையில் இரண்டு சிறுமிகளோடு வரையும் பிட்சியோலாக்'. பாட்டி வரைந்துகொண்டிருக்கிறார். சிறுமிகள் உடன் இருக்கிறார்கள். மேசையோ பட்டறையோ இல்லை, படுக்கையின் மேல்தான் தாள்.